பழம்பொருள்களின் மறுவாழ்வு



உரல் குற்றுவதற்கு உரியது. குடம் நீர் முகப்பதற்கு உரியது. கதவு அடைப்பதற்கும் திறப்பதற்கும் உரியது. அந்தப் பயன் தீர்ந்தவுடன் பொருளின் வாழ்வும் தீர்ந்தது என்று கருதி நாம் அதனைப் பரணில் ஏற்றிவிடுகிறோம். அல்லது பழைய இரும்பு வாங்குவோரிடம் எடைக்குப் போட்டுவிடுகிறோம். ஆனால், பயன் தீர்ந்த பொருளுக்கு வேறொரு பயன் கண்டு, அதற்கு ஓர் அழகும் கொடுத்து, மறுபடியும் வாழவைப்பது மக்களின் மிகப் பழைய வழக்கங்களுள் ஒன்று. இதற்குச் சான்று தேடி நெடுந்தொலைவு செல்ல வேண்டுவதில்லை. நம் நாட்டுப் பள்ளிகள் பலவற்றில் மணியாகத் தொங்கியது யாது? இருப்புப்பாதையிலிருந்து கழித்து எடுத்த தண்டவாளத் துண்டு ஒன்றுதான். இரயில் வண்டியைத் தாங்கி ஓய்ந்த இரும்பு, பிள்ளைகளை வகுப்புக்கு அழைக்கும் நாவாக மாறிற்று.

இன்று இவ்வழக்கம் ஒரு கலையாகவும், ஒரு வாணிகமாகவும் வளர்ந்துள்ளது. பெருநகரங்களில் எழும் புதிய வீடுகளுக்குள் சென்று பாருங்கள். கூடத்தின் நடுவே பழைய தேக்குத் தூண் ஒன்று நிற்கும். ஒரு காலத்தில் வாயிலைக் காத்த கதவு, இப்பொழுது படுக்கவைக்கப்பட்டுக் கண்ணாடி மூடிய மேசையாக இருக்கும். பாயசம் காய்ச்சிய வெண்கல உருளியில் நீர் நிரப்பிப் பூக்களை மிதக்க விட்டிருப்பார்கள். நெல் அளந்த படியில் எழுதுகோல்கள் செருகியிருக்கும். இவை கண்ணுக்கு இனியவை, ஐயமில்லை. ஆயினும், வரலாறு கற்பித்த ஆசிரியன் என்ற முறையில் என் உள்ளத்தில் ஒரு கேள்வி எழுகின்றது. பழையதை எடுத்துப் புதியதில் வைக்கும்பொழுது, அந்தப் பழையதன் வரலாறு என்ன ஆகின்றது? பொருள் பிழைத்தது, அதன் நினைவும் பிழைத்ததா? இக்கேள்வியை முன்வைத்தே இன்று உங்களோடு பேச விரும்புகிறேன்.

இக்கேள்வி நமக்குப் புதிதன்று. மன்னர்கள் காலத்திலேயே இது எழுந்தது. இரண்டு எடுத்துக்காட்டுகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்போம்.

உரோமை நகரின் நடுவே ஒரு பெரிய வெற்றி வளைவு இன்றும் நிற்கின்றது. அது கான்ஸ்டன்டைன் பேரரசருக்காக எழுப்பப்பெற்று 315ஆம் ஆண்டில் நிறைவுற்றது. அதில் உள்ள சிற்பங்களுள் மிகச் சிறந்தவை பல, அவ்வளைவுக்காகச் செதுக்கப்பட்டவை அல்ல. திராஜன், ஹாட்ரியன், மார்க்கஸ் அரேலியஸ் என்ற முன்னைய பேரரசர்களின் நினைவுச் சின்னங்களிலிருந்து எடுத்து வந்து பதிக்கப்பட்டவை. எடுத்துப் பதித்ததோடு நில்லாமல், பழைய பேரரசர்களின் முகங்களைத் திருத்திச் செதுக்கிக் கான்ஸ்டன்டைனின் சாயலைக் கொடுத்தார்கள். வேட்டையாடியவர் ஒருவர், முகம் மற்றொருவருடையது. கல் பிழைத்தது, கல்லுக்கு உரியவரின் அடையாளம் பிழைக்கவில்லை. எந்தச் சிற்பம் யாருடையது என்பதைப் பிற்கால ஆராய்ச்சியாளர்கள் செதுக்கு முறையைக் கொண்டு நுணுகி ஆய்ந்தே கண்டறிய வேண்டியதாயிற்று.

இனி, நம் சோழநாட்டிற்கு வருவோம். 10ஆம் நூற்றாண்டில் வாழ்ந்தவர் செம்பியன் மாதேவியார்; கண்டராதித்த சோழரின் தேவியார். பழைய கோயில்கள் பலவற்றைக் கற்றளிகளாகப் புதுப்பித்த பெருமாட்டி அவர். காவிரியின் வடகரையில் உள்ள திருக்கோடிக்காவல் கோயிலை அவர் கல்லால் எடுப்பித்தபொழுது, அங்கே பழைய கற்கள் சிதறிக் கிடந்தன. அவற்றில் முன்னிருந்த மன்னர்கள் காலத்து அறக்கொடைகள் பொறிக்கப்பட்டிருந்தன. அந்தக் கற்களை அடித்தளத்தில் போட்டு மூடியிருக்கலாம்; கேட்பார் யாரும் இல்லை. ஆனால், அவர் அவ்வாறு செய்யவில்லை. பழைய எழுத்துகளைப் படியெடுத்துப் புதிய கோயிலின் சுவரிலே வெட்டச் செய்தார். அது மட்டுமன்று, இது பழைய கல்லின் படி என்ற குறிப்பையும் சேர்த்தே வெட்டச் செய்தார். விளக்கெரிக்க ஆடு கொடுத்தவர் யார், நிலம் கொடுத்தவர் யார் என்ற செய்திகள் இதனால் நமக்குக் கிடைத்தன.

உரோமையில் பொருளை எடுத்துப் பெயரை அழித்தார்கள். திருக்கோடிக்காவலில் பொருளை மாற்றிப் பெயரைக் காத்தார்கள். பழம்பொருளைக் கையாளுவதில் இவ்விரண்டு வழிகளே அன்றும் இருந்தன, இன்றும் இருக்கின்றன.

"ஐயா, இவை மன்னர்கள் செயல்கள், எங்கள் வீட்டுப் பொருளுக்கும் கல்வெட்டுக்கும் என்ன தொடர்பு?" என்று நீங்கள் கேட்கலாம். தொடர்பு உண்டு. நம் வீடுகளிலும் கல்வெட்டுகள் உண்டு. அவை கல்லில் இல்லை, பித்தளையிலும் வெண்கலத்திலும் எவர்சில்வரிலும் உள்ளன. தமிழ்நாட்டில் பாத்திரம் வாங்கினால் பெயர் வெட்டுவது வழக்கம். திருமணச் சீராகக் கொடுக்கும் குடத்தில், அண்டாவில், தாம்பாளத்தில், பெண்ணின் பெயரோ பெற்றோர் பெயரின் முதலெழுத்தோ, சிலவற்றில் ஊரும் நாளும் கூட, சிறிய உளியால் புள்ளி புள்ளியாகப் பொறிக்கப்பட்டிருக்கும்.

நான் தலைமையாசிரியராக இருந்த பள்ளியில், ஆண்டுதோறும் எட்டாம் வகுப்பு மாணவர்க்கு ஒரு பயிற்சி கொடுப்பதுண்டு. வீட்டில் உள்ள மிகப் பழைய பாத்திரம் ஒன்றைத் தேடி, அதன்மீது மெல்லிய தாளை வைத்துப் பென்சிலால் தேய்த்து, அதில் உள்ள எழுத்தைப் படியெடுத்து வரவேண்டும். கல்வெட்டுத் துறையினர் கல்லின்மீது ஈரத்தாளை ஒற்றி மைப்படி எடுப்பார்களே, அதன் சிறிய வடிவம் இது. ஓர் ஆண்டு ஒரு மாணவன் தன் வீட்டுப் பித்தளைத் தவலையிலிருந்து எடுத்து வந்த படியில் ஒரு பெண்ணின் பெயர் இருந்தது. அப்பெயர் யாருடையது என்று அவன் தந்தைக்குத் தெரியவில்லை. முதிர்ந்த உறவினர் ஒருவரைக் கேட்டபொழுதுதான், அது அவன் தந்தையின் பாட்டியைப் பெற்ற தாயின் பெயர் என்று தெரிந்தது. நிலப்பத்திரத்தில் அவர் பெயர் இல்லை, கையொப்பமிட்ட தாள் ஒன்றும் இல்லை, நிழற்படமும் இல்லை. அவர் வாழ்ந்தார் என்பதற்கு அவ்வீட்டில் எஞ்சிய ஒரே எழுத்துச் சான்று அந்தத் தவலைதான். அதனைக் கடையில் போட்டு, மெருகேற்றும் சக்கரத்தில் கொடுத்துத் தேய்த்திருந்தால், பளபளப்பான பூச்சட்டி ஒன்று கிடைத்திருக்கும். அந்த அம்மையாரின் பெயர் உலகத்திலிருந்தே மறைந்திருக்கும்.

ஒரு பாத்திரத்திற்கே இவ்வளவு வரலாறு உண்டு என்றால், ஒரு வீட்டிற்கு எவ்வளவு இருக்கும்? அதனை அறியச் செட்டிநாட்டிற்குச் செல்லுவோம். ஏனெனில், இன்று நாட்டின் பல பகுதிகளிலும் வீடுகளை அணி செய்யும் பழந்தூண்களும் கதவுகளும் மிகுதியாகப் புறப்பட்ட இடங்களுள் அது ஒன்று.

இன்றைய சிவகங்கை, புதுக்கோட்டை மாவட்டங்களில் பரந்து கிடக்கும் வறண்ட நிலப்பகுதியே செட்டிநாடு. அங்கு வாழும் நாட்டுக்கோட்டை நகரத்தார் 19ஆம் நூற்றாண்டில் இலங்கை, பர்மா, மலேயா முதலிய நாடுகளுக்குச் சென்று வட்டித்தொழிலும் வாணிகமும் நடத்தினர். ஈட்டிய பொருளைக் கொண்டு சொந்த ஊரில் வீடு கட்டினர். ஒரு தெருவில் முகப்பும் மறு தெருவில் பின்வாயிலும் உடைய நெடிய வீடுகள் அவை. முகப்பு, திண்ணை, வளவு, இரண்டாங்கட்டு, அடுப்படி என்று ஒன்றன்பின் ஒன்றாகச் செல்லும். வளவின் நான்கு புறமும் அறைகள். திருமணமான ஆண்மக்கள் ஒவ்வொருவருக்கும் அங்கே இடம் உண்டு. வானத்தைப் பார்த்த முற்றத்தில் விழும் மழைநீர் வீணாகாது.

அவ்வீடுகளின் பொருள்களைக் கவனியுங்கள். தூணும் உத்தரமும் பர்மாத் தேக்கு. தரைக்கும் தூணுக்கும் இத்தாலி நாட்டுச் சலவைக்கல். சுவரில் பெல்ஜியம் நாட்டு நிலைக்கண்ணாடி. சில வீடுகளில் இங்கிலாந்திலிருந்தும் ஜப்பானிலிருந்தும் வந்த பூவோடுகள். சுவர்ப் பூச்சு மட்டும் உள்ளூர்க் கைவண்ணம்; சுண்ணாம்போடு முட்டை வெண்கருவும் கடுக்காயும் சேர்த்து அரைத்து, பல முறை பூசித் தேய்த்து, கண்ணாடிபோல் மின்னவைத்தார்கள். பின்னர் ஆத்தங்குடியிலேயே தரையோடுகள் செய்யத் தொடங்கினர். கண்ணாடித் தகட்டின்மீது அச்சை வைத்து, வண்ணச் சிமெண்டுக் குழம்பை ஊற்றி, மணலும் சிமெண்டும் இட்டு அழுத்தி, நீரில் ஊறவைத்து எடுப்பது அதன் முறை. சூளை இல்லை; கண்ணாடியே மெருகைத் தருகின்றது. கூடங்களில் இரவிவர்மாவின் அச்சுப் படங்களை மாட்டினர். 1894ஆம் ஆண்டில் அவர் நிறுவிய அச்சகத்திலிருந்து ஆயிரக்கணக்கில் வெளிவந்த அப்படங்கள் எங்கும் ஒன்றுபோலவே இருக்கும். ஆனால், வீட்டுப் பெண்மக்கள் படத்தில் உள்ள தெய்வத்தின் சேலையின்மேல் உண்மையான பட்டையும் சரிகையையும் மணிகளையும் வைத்துத் தைத்தார்கள். அச்சுப்படம் அவ்வீட்டிற்கே உரிய ஒரு படமாயிற்று. கிடைத்த பொருளைத் தன் கையால் தனதாக்கிக் கொள்ளும் கலை அங்கே அடுப்படி வரையில் பரவியிருந்தது.

இச்செல்வம் எவ்வாறு சரிந்தது? 1929ஆம் ஆண்டில் தொடங்கிய உலகப் பொருளாதார வீழ்ச்சியில் பர்மாவின் நெல்விலை பெரிதும் தாழ்ந்தது. கடன் வாங்கிய உழவர் பணத்தைத் திருப்பித் தர இயலாமல் நிலத்தைக் கொடுத்தனர். 1930இல் கீழ்ப்பர்மாவின் முக்கிய நெல் மாவட்டங்களில் நகரத்தார் கையில் இருந்த நிலம் நூற்றுக்கு 6 பங்கு. 1937இல் அது 25 பங்கு ஆயிற்று. அவர்கள் வேண்டியது நிலம் அன்று, பணம். ஆயினும் நிலமே வந்து சேர்ந்தது. அதனோடு அந்நாட்டு மக்களின் மனக்கசப்பும் வந்து சேர்ந்தது. 1942இல் ஜப்பானியர் இரங்கூனைப் பிடித்தனர். நம்மவர் பலர் எல்லாவற்றையும் விட்டுவிட்டுத் திரும்பினர். 1948இல் பர்மா விடுதலை பெற்றபின் நிலங்கள் நாட்டுடைமையாக்கப்பட்டன. 1960களில் வாணிகமும் நாட்டுடைமை ஆயிற்று. கடல் கடந்த வருவாய் நின்றது. வீடுகள் மட்டும் நின்றன.

ஒரு வீட்டிற்கு ஒரு தலைமுறையில் நான்கு பங்காளிகள். அடுத்த தலைமுறையில் பதினாறு. அதற்கும் அடுத்ததில் ஐம்பதுக்கு மேல். அவர்கள் சென்னையிலும் கோவையிலும் வெளிநாடுகளிலும் வாழ்கின்றனர். ஓடு மாற்றவும் ஒழுகலை அடைக்கவும் ஆகும் செலவைப் பங்கிட்டுக் கொடுப்பதே பெரும் தொல்லை. பூட்டிய வீட்டில் கறையான் குடியேறுகின்றது. இறுதியில், விற்றுப் பங்கிட்டுக் கொள்ளுவோம் என்ற முடிவு வருகின்றது. நிலத்தின் விலையைவிட மரத்தின் விலையே மிகுதி என்று கணக்கிட்டு, வீட்டைப் பிரிக்கிறார்கள்.

வீடு பிரிப்பதை நான் பன்முறை கண்டிருக்கிறேன். முதலில் ஓடு இறங்கும். பின்பு கைமரங்களும் உத்தரங்களும் இறங்கும். பழைய தச்சர்கள் ஆணியை நம்பாமல் பொருத்துகளை நம்பியவர்கள். ஆதலால், முறையறிந்த கையினர் மரத்தைச் சிதைக்காமல் கழற்ற முடியும். தூணையும் அதன் மேலிருக்கும் போதிகையையும் கயிறு கட்டிச் சாய்ப்பார்கள். கடைசியில் முகப்பு வாயில் நிலையும் கதவும் வெளிவரும். நிலையின் மேற்சட்டத்தில் திருமகளை இரு யானைகள் நீராட்டும் கோலம் செதுக்கியிருக்கும். இரண்டு மூன்று கிழமைகளில் எல்லாம் முடிந்து, சுற்றுச்சுவர் மட்டும் வானத்தைப் பார்த்து நிற்கும்.

இவ்வாறு வந்த பொருள்கள் காரைக்குடியில் முனீசுவரன் கோவில் தெருவில் உள்ள பழம்பொருள் கடைகளில் வந்து குவிகின்றன. தூண், கதவு, சன்னல், மரப்பெட்டி, பல்லாங்குழி, எனாமல் தூக்குச் சட்டி, பீங்கான் சாடி, சுவர்க் கடிகாரம், யாரென்று அறியப்படாத பெரியவர்களின் நிழற்படங்கள் ஆகிய எல்லாம் அங்கே உண்டு. கட்டடக் கலைஞரும், உணவு விடுதி நடத்துவோரும், வீட்டை அணிசெய்ய விரும்புவோரும் வந்து வாங்கிச் செல்லுகின்றனர்.

இவ்வணிகரைக் குறைகூற நான் முன்வரவில்லை. நன்றாய் எண்ணிப் பாருங்கள். அவர்கள் இல்லையென்றால் இப்பொருள்களுள் பல என்னவாகியிருக்கும்? பித்தளை உருக்குலைக்குப் போயிருக்கும். மரம் அறுபட்டுச் சாதாரணச் சட்டமாகவோ, விறகாகவோ ஆகியிருக்கும். விற்பவரையும் குறைகூறுவதற்கில்லை, பராமரிக்க இயலாத வீட்டை இடிந்து விழ விடுவதைவிடப் பிரித்து விற்பது ஒரு வகையில் மரியாதையே. ஆனால், மற்றொரு பக்கமும் உண்டு. தூணுக்கு நல்ல விலை கிடைக்கும் என்பதே, இன்னும் சில ஆண்டுகள் நின்றிருக்கக் கூடிய வீடு பிரிக்கப்படுவதற்குக் காரணமாகவும் அமைகின்றது. ஆசையோடு வாங்குபவர் கூட்டம் பெருகப் பெருக, நிற்கும் வீடுகள் குறைகின்றன. பழமையின்மேல் கொண்ட காதலே பழமைக்குக் கேடு செய்வதுண்டு என்பதை இங்கே காண்கிறோம். செட்டிநாட்டு ஊர்த்தொகுதிகள் 2014ஆம் ஆண்டில் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியச் சின்னங்களுக்கான உத்தேசப் பட்டியலில் சேர்க்கப்பட்டன. இருக்கும் வீடுகளுள் சில, விருந்தினர் விடுதிகளாக மாறி நிலைபெற்றுள்ளன. வீட்டைப் பிரிக்காமல், வீட்டிற்கே ஒரு புதிய பயன் கண்ட வழி அது.

பிரிந்த பொருளையாவது வரலாறு சிதையாமல் வாழவைக்க முடியுமா? முடியும் என்பதற்கு மூன்று சான்றுகள் கூறுவேன்.

முதலாவது, சென்னைக்குத் தெற்கே முட்டுக்காட்டில் உள்ள தக்ஷிணசித்ரா. 1996ஆம் ஆண்டில் திறக்கப்பெற்ற அவ்விடத்தில், தென்னாட்டின் பல பகுதிகளிலிருந்து, இடிக்கப்பட இருந்த வீடுகளின் பகுதிகளைக் கழற்றி வந்து, மறுபடியும் வீடாகவே எழுப்பியுள்ளனர். செட்டிநாட்டு வணிகர் வீடும் அவற்றுள் ஒன்று. தூண் அங்கே வெறும் அணிப்பொருள் அன்று. அது உத்தரத்தைத் தாங்குகின்றது. உத்தரம் கூரையைத் தாங்குகின்றது. எந்த ஊர் வீடு, யார் வாழ்ந்தது, எவ்வாறு வாழ்ந்தனர் என்று பார்வையாளர்க்கு எடுத்துரைக்கின்றனர். திருக்கோடிக்காவல் முறை என்பது இதுவே.

இரண்டாவது, அந்த வளாகத்தின் திட்டத்தை வகுத்த லாரி பேக்கர் அவர்களின் கைத்திறம். 1917இல் இங்கிலாந்தின் பர்மிங்காம் நகரில் பிறந்து, 1945இல் இந்தியாவிற்கு வந்து, இந்தியக் குடியுரிமையும் பெற்று, 2007இல் திருவனந்தபுரத்தில் மறைந்த கட்டடக் கலைஞர் அவர். வீடு கட்டும் இடத்திற்கு அருகே கிடைக்கும் பொருளைக் கொண்டே கட்டவேண்டும் என்று காந்தியடிகள் கூறிய கருத்து அவர் நெஞ்சில் ஆழப் பதிந்தது. இடித்த வீடுகளின் கதவு, சன்னல், ஓடு ஆகியவற்றை அவர் மீண்டும் பயன்படுத்தினார். வெற்றுக் கண்ணாடிப் புட்டிகளைச் சுவரில் பதித்து, வண்ண ஒளி உள்ளே வரச் செய்தார். உடைந்த ஓட்டுச் சில்லுகளைத் தரையில் கோலமாக்கினார். செலவைக் குறைக்க எண்ணியவரின் வீட்டிற்கும் அழகு உரியது என்பது அவர் கொள்கை. நம் காலத்தில் பழம்பொருள் அணி என்றால் செல்வர்க்கு உரியது என்ற எண்ணம் பரவியிருக்கின்றது. பேக்கர் அவர்களின் வீடுகள் அதனை மறுக்கின்றன.

மூன்றாவது, சண்டிகரில் நெக் சந்த் என்ற எளிய மனிதர் செய்த அரும்பெரும் செயல். அவர் 1924இல், இன்று பாகிஸ்தானில் உள்ள ஒரு சிற்றூரில் பிறந்தவர். 1947ஆம் ஆண்டுப் பிரிவினையில் ஊரை இழந்து வந்தார். பஞ்சாபிற்குப் புதிய தலைநகரமாகச் சண்டிகர் எழுந்துகொண்டிருந்தது; லெ கொர்பூசியே என்ற உலகப் புகழ்பெற்ற கலைஞர் அதனை வகுத்தார். அந்நகருக்காக முன்னிருந்த சிற்றூர்கள் பல அகற்றப்பட்டன. அங்கே சாலை மேற்பார்வையாளராகப் பணியாற்றிய நெக் சந்த், இடிந்த ஊர்களின் எச்சங்களைக் கண்டார். உடைந்த ஓடு, பீங்கான் துண்டு, வளையல் சில்லு, மிதிவண்டிச் சட்டம், எரிந்துபோன குழல்விளக்கு ஆகியவற்றை 1950களின் பிற்பகுதி முதல் மிதிவண்டியில் சேர்த்துச் சேர்த்து, கட்டடம் எழுப்பக் கூடாது என்று ஒதுக்கிய காட்டுப் பள்ளத்தில் கொண்டுபோய் வைத்தார். பணி முடிந்த இரவு வேளைகளில், ஒருவரும் அறியாமல், ஆடவரும் பெண்டிரும் பறவைகளும் விலங்குகளுமாக உருவங்கள் செய்தார். பல ஆண்டுகள் கழித்தே அதிகாரிகளுக்கு இது தெரிந்தது. சட்டப்படி அதனை இடித்திருக்க வேண்டும். நல்லூழாக, கண்டவர் வியந்தனர். 1976இல் அது மக்களுக்குத் திறந்துவிடப்பட்டது. அவரையே அதன் பொறுப்பாளராகவும் அமர்த்தினர். 1984இல் பத்மஸ்ரீ விருது பெற்ற அவர், 2015இல் மறைந்தார். அவர் வாழ்ந்த காலத்திலேயே ஒரு சமயம் சாலைக்காகத் தோட்டத்தில் ஒரு பகுதியை இடிக்க முற்பட்டபொழுது, நகர மக்கள் கைகோத்து நின்று தடுத்தனர். ஆயினும், 2025ஆம் ஆண்டில் போக்குவரத்து வசதிக்கென்று அதன் மதிலில் ஒரு பகுதி இடிக்கப்பட்டது. காப்பது என்பது ஒருமுறை செய்து முடிக்கும் வேலை அன்று என்பதை இது காட்டுகின்றது.

ஊரை இழந்த ஒருவர், இழந்த ஊர்களின் ஓட்டாஞ்சில்லுகளைக் கொண்டு ஓர் உலகம் படைத்தார். புதிய நகரம் மறந்த மக்களின் வளையல் துண்டுகள் அங்கே இன்றும் மின்னுகின்றன. கலைக்கும் வரலாற்றிற்கும் இதனினும் நெருங்கிய உறவு வேறு யாது?

மாணவர்களே, உங்களுள் பலர் பழம்பொருள்களைக் கொண்டு அழகிய பொருள்கள் செய்ய விரும்புவீர்கள். நன்று, செய்யுங்கள். அதற்கு முன் சிலவற்றை மனத்தில் கொள்ளுங்கள்.

பொருளைத் தொடும் முன்பே அதனைப் படியுங்கள். பழைய கதவு ஒன்று கிடைத்தால் அதன் மூலைகளில் மேலும் கீழும் நீண்டிருக்கும் குடுமியைக் காணலாம். கீல் இல்லாத காலத்தில் கதவு சுழன்றது அக்குடுமியில்தான். மேசை செய்யும்பொழுது, இடைஞ்சலாக இருக்கின்றது என்று அதனை அறுத்துவிடுவோர் உண்டு. அறுத்துவிட்டால், அது கதவு என்பதற்கு உரிய சான்று போயிற்று. குடுமியை விட்டு, நான்கு சிறிய கட்டைகளின்மேல் கண்ணாடியை உயர்த்தி வையுங்கள். மேசையும் ஆகும், சான்றும் நிற்கும். நெல் அளந்த படி கிடைத்தால் அதில் அரசாங்க முத்திரை உண்டா என்று பாருங்கள். 1956ஆம் ஆண்டுச் சட்டத்தால் கிலோவும் லிட்டரும் நாடெங்கும் வந்து, படியும் உழக்கும் சட்ட மதிப்பை இழந்தன. அந்த முத்திரை, ஓர் அளவை முறையின் கடைசிக் கையொப்பம். அதனைத் தேய்த்துப் பளபளப்பாக்காதீர்கள்.

பழைய வண்ணப்பூச்சைச் சுரண்டும்பொழுது எச்சரிக்கை வேண்டும். முற்காலப் பூச்சுகளுள் பலவற்றில் ஈயம் கலந்திருந்தது. அதன் தூசு உடலுக்கு நஞ்சு. உலர்ந்தபடி சுரண்டலாகாது. வெள்ளீயம் பூசாத பித்தளைப் பாத்திரத்தில் புளிப்பான உணவை வைத்தலும் ஆகாது.

சட்டத்தையும் அறிந்திருங்கள். 1972ஆம் ஆண்டுத் தொல்பொருள் மற்றும் கலைச்செல்வங்கள் சட்டத்தின்படி, நூறு ஆண்டுகளுக்குக் குறையாத கலைப்பொருள்களும், எழுபத்தைந்து ஆண்டுகளுக்குக் குறையாத ஓலைச்சுவடி முதலிய எழுத்துச் சான்றுகளும் தொல்பொருள்கள் ஆகும். தனியார் அவற்றை வெளிநாட்டிற்கு ஏற்றுமதி செய்யக் கூடாது. அவற்றை விற்பவர் உரிமம் பெற்றிருக்க வேண்டும். மண்ணில் புதையலாகக் கிடைக்கும் பொருளை மாவட்ட ஆட்சியருக்குத் தெரிவிக்க வேண்டும் என்பது 1878ஆம் ஆண்டுச் சட்டம். கோயில் திருமேனியும் கல்வெட்டுக் கல்லும் வீட்டை அணிசெய்யும் பொருள்கள் அல்ல. எங்கேனும் வயலிலோ குளக்கரையிலோ எழுத்துள்ள கல்லைக் கண்டால், அதனை எடுத்து வராதீர்கள். இருந்த இடத்திலேயே விட்டுவிட்டு, தொல்லியல் துறைக்குச் சொல்லுங்கள். இடம் மாறிய கல் பாதி ஊமையாகிவிடும்.

இறுதியாக ஒன்று. பழம்பொருளைக் கொண்டு எதைச் செய்தாலும், அதன் அடியிலோ பின்புறத்திலோ ஒரு சிறு தாளை ஒட்டுங்கள். எந்த ஊரிலிருந்து வந்தது, யார் வீட்டுப் பொருள், முன்னர் என்ன வேலை செய்தது, எந்த ஆண்டில் யார் மாற்றியமைத்தது ஆகிய நான்கையும் அதில் எழுதுங்கள். தெரியாததைத் தெரியாது என்றே எழுதுங்கள். நான்கு வரிகள் போதும். ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் திருக்கோடிக்காவலில் ஒரு சிற்பியின் உளி செய்த வேலையையே, உங்கள் எழுதுகோலும் செய்யும்.

வரும் ஞாயிற்றுக்கிழமை உங்கள் வீட்டுப் பரணில் ஏறுங்கள். அங்கே கவிழ்ந்து கிடக்கும் பாத்திரத்தைத் துடைத்து, அதன் விளிம்பைச் சுற்றிப் பாருங்கள். பெயர் ஒன்று இருந்தால், வீட்டில் உள்ள முதியவரிடம் எடுத்துச் சென்று உரக்கப் படித்துக் காட்டுங்கள். அவர் சொல்லத் தொடங்குவதை அப்படியே எழுதிக்கொள்ளுங்கள். பூச்சட்டியாக்குவதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.